தட்டச்சு தந்த முத்தையா

சித்திரை விடுமுறையில் ஒரு நாள் மாலை, முன்னர் என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி என் இல்லத்துக்கு வந்திருந்தாள். வாவியின் படுவான்கரையிலே பிறந்து, தோணியேறிப் பள்ளிக்கு வந்து படித்தவள். இப்பொழுது மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக் கலை பயில்கின்றாள். மடிக்கணினியைத் திறந்து தன் வகுப்புப் பயிற்சி ஒன்றைக் காட்டினாள். திரையிலே பெரியதொரு ணகரம் நின்றது. அவள் ஒரு விசையைத் தொட்டதும் அதன் சுழிகள் மூன்றும் ஒவ்வொன்றாகக் கழன்று, துறையை விட்டுத் தோணி விலகுவது போல மெல்ல விலகின. மறுபடி தொட்டதும் அவை திரும்பி வந்து, சற்று இடம் மாறிப் பொருந்தின. இப்பொழுது அது ணகரம் போலவும் இருந்தது. கொடியிலே சுருண்ட தளிர் போலவும் இருந்தது.

இவ்வாறு எழுத்தைக் கழற்றவும் பூட்டவும் வேண்டிய கட்டளைகளை அவளே எழுதியிருக்கின்றாள். நிரல் எழுதுதல் என்பது அதன் பெயர். பொறியியலாருக்கே உரியதென்று நாம் எண்ணியிருந்த அவ்வித்தையை ஓவியம் பயில்வோரும் எளிதிற் கற்குமாறு, 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே கேசி ரியாஸ், பென் பிரை என்னும் இருவர் புரோசெசிங் என்றொரு நிரல்மொழியைத் தொடங்கினர். இவள் பயில்வதும் அதனைக் கொண்டே.

இலக்கணம் கற்பித்தே தலை நரைத்த எனக்கு அக்காட்சி முதலில் உவப்பாயில்லை. எழுத்தைச் சிதைத்து விளையாடுவதோ என்று உள்ளம் முரண்டிற்று. எவ்வளவு கழற்றிய பின்னும் அது ணகரமாகவே இருக்கும், எந்த இடத்தில் அது ணகரம் அல்லாததாகிவிடும் என்று அவளைக் கேட்டேன். அதைக் கண்டறிவதே தனக்கு இடப்பட்ட பயிற்சி என்றாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அதே வினாவைத் திரையும் நிரலும் இன்றித் தம் வாழ்நாளின் வேலையாக எடுத்துக்கொண்டு, அதற்கு விடையும் கண்டவர் ஒருவர் இந்நாட்டிலே பிறந்திருக்கின்றார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படும் இராமலிங்கம் முத்தையா அவர்களே அவர். மாணவி அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகின்றேன்.

முத்தையா 1886ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 24ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே பிறந்தார். தந்தையார் இராமலிங்கம், ஆறுமுக நாவலரோடு சேர்ந்து சமயத்தொண்டும் தமிழ்த்தொண்டும் புரிந்தவர். நாவலர் 1849ஆம் ஆண்டிலே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதை மாணவர் அறிவர். ஏட்டுச்சுவடியிலிருந்து ஈயவெழுத்துக்குத் தமிழை ஏற்றியவர்களோடு பழகிய குடும்பத்துப் பிள்ளை, ஈயவெழுத்திலிருந்து விசைப்பலகைக்கு அதனை ஏற்றியது பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஆயின் அப்பொருத்தத்தை மிகைப்படுத்தலாகாது. முத்தையாவின் இளமையிலேயே தந்தையார் காலமாகிவிட்டார். பிள்ளைக்கு முன் நின்றது தொண்டன்று, பிழைப்பு.

அந்நாளில் யாழ்ப்பாணத்து இளைஞர் ஆங்கிலம் கற்று மலாயாவுக்குக் கப்பலேறுதல் பெருவழக்கு. புகையிரதப் பகுதியிலும் வணிகக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக அமர்ந்து, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புவர். 1907ஆம் ஆண்டில் முத்தையாவும் அவ்வழியே சென்றார். ஆங்கில வணிக நிறுவனம் ஒன்றிலே அமர்ந்து, 1930ஆம் ஆண்டு வரை அங்கே பணிபுரிந்தார். சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு, தட்டச்சு ஆகிய கந்தோர்க் கலைகளையெல்லாம் முறையாகக் கற்றுத் தேறினார். இவருடைய கல்வி இதுவே. கவின்கலைக் கல்லூரி வாசலை இவர் மிதித்தவரல்லர்; இயந்திரவியற் பட்டம் பெற்றவருமல்லர். நாள்தோறும் விரல் தேயப் பொறியைத் தட்டிய ஒருவர், அதன் நெம்புகோல் ஒவ்வொன்றும் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை விரலாலேயே அறிந்திருந்தார்.

அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் ஆக்கிய தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874ஆம் ஆண்டு முதல் விற்கத் தொடங்கிற்று. இருபத்தாறு எழுத்துடைய மொழிக்கென்று பிறந்த கருவி அது. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகள். ஒவ்வொரு விசையின் நுனியிலும் கீழொன்று மேலொன்றாக இரண்டு உருவங்கள். ஆக எண்பது தொண்ணூறு உருவங்களுக்கே அதில் இடம். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். இவற்றோடு எண்களும் நிறுத்தக் குறிகளும் ஜகரம், ஷகரம், ஸகரம் முதலிய வடவெழுத்துகளும் வேண்டும். அச்சுக்கோப்பவர் தம் முன்னுள்ள பெட்டியில் எத்தனை அறையேனும் வைத்துக்கொள்ளலாம். தட்டச்சாளருக்கு இருப்பவை பத்து விரல்களே.

இவ்விடத்திலே வாசகர் பொறுமையோடு என்னுடன் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். உகர ஊகார வரிசைகள் இரண்டையும் நீக்கிவிட்டால் உயிர்மெய் 180 எஞ்சும். அவற்றோடு தனி மெய் 18ஐயும் கூட்டினால் 198. இத்தனை எழுத்துகளையும் எழுத நமக்கு வேண்டுவன அகரமேறிய மெய்யுருவங்கள் பதினெட்டும், கால், மேல்விலங்குகள் இரண்டு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு, புள்ளி என்னும் குறிகள் ஏழுமே. ஔகாரத்துக்கு ளகர வடிவம் கைகொடுக்கும். இருபத்தைந்து உருவங்களால் 198 எழுத்துகள்! நம் முன்னோரின் எழுத்தமைப்பு எத்துணைச் சிக்கனமானது என்பதை நான் நன்னூற் பாடத்திலே கண்டதில்லை. தட்டச்சுப் பலகையிலேதான் கண்டேன்.

வழிக்கு வராதவை உகர ஊகார வரிசைகள். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் தன் தன் போக்கிலே வளைந்து நிற்கும். பொதுவான குறி என்று பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. உகர வரிசைக்குத் தனித்தனி உருவங்களே கொடுக்க வேண்டியதாயிற்று. ககரத்தை அடிக்கும் விசையை மேலேற்றி அடித்தால் கு. தகரத்துக்கு மேலே து. மகரத்துக்கு மேலே மு. ஊகாரத்துக்கும் அவ்வாறே இடங்கொடுத்தால் பலகை கொள்ளாது. ஆகவே ணு, து, நு, லு, று, னு முதலியவற்றுக்குப் பின் ஒரு காலை இட்டு, அதனையே நெடிலாகக் கொள்ளும் உபாயம் தட்டச்சிலே புகுந்தது. துகரத்தின் பக்கத்தில் ஒரு கால் நின்றால் அது தூ என்று கொள்ளப்படும். பண்டிதர் கண்ணுக்கு இது உறுத்தும். என் கண்ணுக்கும் நெடுங்காலம் உறுத்தியது. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

எல்லாவற்றினும் அரியது புள்ளியும் மேல்விலங்கும். தட்டச்சுப் பொறியிலே ஒரு விசையை அழுத்தினால் எழுத்துப் பதியும். உடனே உருளை தாங்கிய வண்டி ஓர் அடி இடப்புறம் நகர்ந்து அடுத்த எழுத்துக்கு இடம் விடும். ககரத்தை அடித்த பின் புள்ளியை அடித்தால், அது ககரத்தின் தலைமேல் ஏறாது. பக்கத்திலே வெளியில் விழும். முத்தையா அவர்கள் முதலில் ஆக்கிய பெரிய பொறியில் இத்தகைய குறைகள் இருந்தன. அவற்றை நீக்க அவர் கையாண்டதே நகரா விசை. அவ்விசையை அழுத்தினால் குறி பதியும். வண்டி மட்டும் நகராது. பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளின் பொறிகளில் உயிரெழுத்தின் தலைமேற் குறியிடுவதற்கு இவ்வகை விசை உண்டு. தமிழிலே அதன் பயன் பன்மடங்கு. முன்னர்ப் புள்ளி, பின்னர் ககரம். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து ஒற்றெழுத்தாகிவிடும். இகர ஈகார விலங்குகளுக்கும் அவ்வாறே. டகரம் ஒன்றுமட்டும் இதற்கு இணங்காது; அதன் விலங்கு உடம்போடு ஒட்டி வளைவதால் டி என்பதற்குத் தனி விசையே வேண்டியிருக்கின்றது.

இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகின்றது. மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்றல் என்பதும், உயிர் ஏறும்போது அப்புள்ளி நீங்கும் என்பதும் தொல்காப்பியர் கொள்கை. நாமோ எழுதுகையில் உடம்பை முன்னும் புள்ளியைப் பின்னுமாக இட்டு, புள்ளியை ஏதோ பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளியாக ஆக்கிவிட்டோம். புள்ளிக்கு முதலிடம் கொடுத்தது ஓர் இரும்புப் பொறி! முத்தையா அவர்கள் இலக்கணம் நோக்கி அவ்வாறு செய்தாரல்லர், வண்டி நகரக் கூடாதென்றே செய்தார் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆயினும் வகுப்பில் இந்தச் சூத்திரத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொறியே நினைவுக்கு வருகின்றது.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவருடைய விசைப்பலகை ஜேர்மனி சென்று உருப்பெற்றது. டிரெஸ்டன் நகரிலே தையற்பொறியும் துவிச்சக்கர வண்டியும் செய்து பெயர்பெற்ற ஸைடல் அன்ட் நௌமான் நிறுவனத்தார் அதனைச் செய்து கொடுத்தனர். முதலில் வந்தது ஸ்டாண்டர்ட் என்னும் பெரிய பொறி. அதன் குறை கண்டு திருத்திப் பிஜோ, ஐடியல் என்னும் பொறிகளை அமைத்தார். மலாயாவிலே குறித்த வடிவங்களை ஜேர்மனியிலே தமிழறியாத தொழிலாளர் எஃகில் வெட்டினர். அப்பொறிகள் கடல் கடந்து வந்து தமிழ்க் கந்தோர்களின் மேசைகளில் ஏறின. அவற்றுள் ஒன்று இந்த மட்டக்களப்பு வரை வந்தது.

என் தாய்மாமன் பெட்டிஷன் எழுதுபவர். மட்டக்களப்புக் கச்சேரி புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்த நாட்களிலே, அதற்கு அணித்தாய் ஒரு மரநிழலில் சிறு மேசையிட்டு அமர்ந்திருப்பார். கைப்பெட்டிக்குள் அடங்கும் பிஜோ அவருடையது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு சூறாவளி எங்கள் கூரையைப் பிரித்தபோது, அவர் முதலில் பாயிலே சுற்றிக் கட்டிலின் கீழ்த் தள்ளியது அந்தப் பொறியைத்தான். அதன் பிறகே எங்களை அழைத்தார் என்று அம்மா நெடுநாள் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

அப்பொறியின் எழுத்தை நான் சிறுவயது முதலே வெறுத்தேன் என்பதை மறைப்பானேன்? எல்லா எழுத்துக்கும் ஒரே அகலந்தான் அங்கே அளக்கப்பட்டிருக்கும். மூன்று சுழி ணகரமும் மெலிந்த ரகரமும் சம அளவான இடத்திலே நிற்க வேண்டும். ணகரம் கூட்டத்தில் அகப்பட்டவனைப் போல நெரிந்து நிற்கும். காலோ வெட்டவெளியிலே தனித்து நிற்கும். புள்ளி விழும் இடம் ஒன்றே ஆதலின், சில எழுத்துக்கு அது நடுத்தலையிலும் சிலவற்றுக்குத் தோளிலும் விழும். பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்திலே மாமாவின் தாள்களை வாங்கிச் சிவப்பு மையினால் திருத்தி விளையாடிய செருக்கும் எனக்கு இருந்தது.

1990ஆம் ஆண்டிலே மாமாவிடம் வந்தவர்களின் கூட்டம் வேறாயிற்று. அதற்கு முன் காணிக்கும் ஓய்வூதியத்துக்கும் மனு எழுத வந்தார்கள். அவ்வாண்டு முதல் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வரலாயினர். ஒரு நாள் படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மாமா இடையில் கார்பன் தாள்களை வைத்து நான்கு படி அடித்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மகனுடைய பெயர் எவ்விடத்தில் இருக்கின்றதென்று கேட்டார். மாமா காட்டினார். முதற்படியில் அந்த இடத்தை விரலால் தொட்டார். பின் இரண்டாம் படியிலே, மூன்றாம் படியிலே தாமாகவே அதே இடத்தைக் கண்டுபிடித்துத் தொட்டார். நான்காம் படி மங்கியிருந்தது. அதில் பெயர் தெரியவில்லை என்றார். மாமா ஒன்றும் பேசாமல் புதுத்தாள் செருகி அந்தப் படியை மட்டும் மீண்டும் அடித்தார்.

நான் அருகில் நின்று தாளைப் பார்த்தேன். தூக்கத்திலிருந்தபோது மகனைக் கொண்டுபோனார்கள் என்று ஒரு வரி இருந்தது. தூ என்பது துகரமும் காலுமாகப் பிரிந்து நின்றது. அதை மாமாவுக்குச் சுட்டிக்காட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுமொழி கூறவில்லை. தாளை மடித்து அம்மாவின் கையில் கொடுத்து, பணம் வேண்டாமென்று தலையசைத்தார். அந்தப் பார்வையை நினைக்குந்தோறும் என் சிவப்பு மைக்கு நான் வெட்கப்படுகின்றேன்.

மாமாவின் கையெழுத்தில் அம்மனு போயிருந்தால் அதை வாங்குபவர் ஒரு தனி மனிதரின் புலம்பலாக ஒதுக்கியிருக்கக்கூடும். தட்டச்சில் வந்த தாளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும் கந்தோர்க் கடிதங்களுக்கு நேர்நின்று பேசும் தகுதி அதற்கு இருந்தது. முத்தையா அவர்கள் தமிழுக்குத் தேடித் தந்தது அழகை அன்று. இந்தத் தகுதியையே என்று இப்பொழுது எண்ணுகின்றேன். அழகைச் சிறிது விட்டுக்கொடுத்தே அதைத் தந்தார். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டால் படிப்பவர் தடுமாறுவர் என்று அளந்தறிந்ததிலேதான் அவருடைய கலை இருக்கின்றது. து என்பதன் பக்கத்திற் கால் நின்றாலும் நாம் தூ என்றே படித்தோம். திருத்திய நானும் அவ்வாறே படித்தேன்.

மாணவி இதையெல்லாம் கேட்டிருந்துவிட்டு, தன் கணினியிலே எழுத்து எவ்வாறு வைக்கப்படுகின்றதென்று எனக்கு விளக்கினாள். கெ என்று எழுதும்போது நம் கை கொம்பை முதலில் இட்டுப் பின்னர் ககரத்தை எழுதும். தட்டச்சும் அவ்வாறே, கண் காணும் வரிசையில் அடிக்கும். கொ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு. இன்றைய ஒருங்குறி முறையிலோ முதலில் ககரம், அதன்பின் எகரக் குறி என்று காது கேட்கும் வரிசையில் எண்களாய்ச் சேமித்து, திரையிலே காட்டும்போது மட்டும் கொம்பை முன்னே தள்ளி வைக்கின்றார்களாம். அவள் எழுதும் நிரலுக்கு அந்த வரிசை தெரியாவிடில் கொம்பு வேறொரு மெய்யைப் போய்ப் பற்றிக்கொள்ளும். முதல் மாதம் முழுவதும் அப்படித்தான் தடுமாறினாளாம். இரட்டைக்கொம்பைப் பற்றி நான் குறுக்கிட்டு ஒன்று சொன்னேன். வீரமாமுனிவர் எகர ஏகாரங்களை வடிவால் வேறுபடுத்தியிராவிட்டால் முத்தையாவுக்கு ஒரு விசை மிஞ்சியிருக்கும், நமக்கோ படிப்பதிலே தொல்லை மிஞ்சியிருக்கும். 1747ஆம் ஆண்டில் மறைந்த அம்முனிவரும் எழுத்தின் உருவத்தைச் சோதனைக்கு உள்ளாக்கியவர்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவரே.

தட்டச்சுப் பொறிகள் இன்று கந்தோர்களில் இல்லை. ஆயினும் அவற்றின் விரற்பழக்கம் அழிந்தபாடில்லை. யகரம், ளகரம், னகரம், ககரம் என்று இடக்கை தொடங்கும் அந்த முதற்பாடம், பாமினி எழுத்துருவைக் கணினியில் அடிப்பவர் விரல்களிலே இன்றும் ஓடுகின்றது. தமிழகம் 1999ஆம் ஆண்டில் தமிழ்99 என்னும் வேறொரு பலகையை வகுத்து, உயிரை இடக்கைக்கும் மெய்யைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்துக் கொடுத்தது. இலங்கையிலோ 2008ஆம் ஆண்டு நியமமாக வந்தது தட்டச்சு மரபைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையே. எது சிறந்தது என்று இளைஞர் வாதிடட்டும். எனக்குப் பழகியது பழையது.

பேச்சு முடியுந்தறுவாயில் மாமாவின் பொறி இருக்கின்றதா என்று அவள் கேட்டாள். இருக்கின்றது. அவர் மறைந்த பின் அலுமாரியின் மேல் வைத்தபடியே இருந்தது. இறக்கித் தூசு தட்டி மேசையில் வைத்தேன். நாடா உலர்ந்திருந்தது, ஆயினும் ஈரத்துணியால் ஒற்றியபோது சிறிது கருமை எழுந்தது. ஒரு தாளைச் செருகிக் கொடுத்தேன். தன் பெயரை அடிக்க விரும்பினாள். அது மெய்யெழுத்திலே முடியும் பெயர். கடைசி எழுத்துக்கு வந்ததும், நான் சொன்னபடி முதலில் புள்ளி விசையை அழுத்தினாள். சுத்தியல் எழுந்து தாளைத் தட்டி மீண்டது. வண்டி நகரவில்லை. பொறி பழுதாகிவிட்டதென்று எண்ணிக் கையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த விசையை அழுத்தும்படி சொன்னேன்.